அட்டையில் இருந்த பெயர்

கண்ணகிக்கு ஒன்பது வயதில் இன்னொரு பெயர் கிடைத்தது.

எழுபத்து நாலில், தேயிலைத் தோட்டத்துப் பஞ்சத்துக்குப் பயந்து, அவள் அப்பா இளையபெருமாள் அவளைச் சித்தப்பாவுடன் இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் அனுப்பினார். செந்துறை வந்த மூன்றாம் நாள் சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத பிள்ளையை அந்த ஊர் அங்கமுத்துவின் மனைவி ஆண்டாயி தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். முந்தின வருஷம் இறந்த தன் மகள் அம்சவள்ளியின் பெயரை ரேஷன் அட்டையிலிருந்து அடித்துவிட மனம் வராமல் அவள் விட்டுவைத்திருந்தாள்.

“பேரு சும்மாத்தான கெடக்கு. நீ வச்சுக்க.”

அந்தப் பெயரில் கண்ணகி படித்தாள். ஆண்டாயி அதன்பிறகு மகளுக்குப் படையல் போடவே இல்லை. “பேரு உசுரோட நடமாடுதே, எப்புடிப் படைக்கிறது?” என்பாள்.

எண்பத்து நாலில் அம்சவள்ளி என்ற பெயருக்குப் பால்வாடி டீச்சர் வேலை உத்தரவு வந்தது. அவள் முன்பு தோட்டத்துக்கு எழுதிய விலாசத்தைப் பார்த்து அதே மாதம் அப்பாவின் கடிதமும் வந்தது. கலவரத்துக்குத் தப்பி, பெரம்பலூர் பக்கத்து அகதி முகாமில் இருக்கிறாராம். பெற்ற மகள் கண்ணகி என்று வந்து கையெழுத்துப் போட்டால் வெளியே விடுவார்களாம்.

“போயிக் கூட்டியா. வேல போனாப் போவுது” என்று ஆண்டாயி தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

முகாமில் எழுத்தர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“அம்சவள்ளி, அங்கமுத்து மகள்னு போட்டிருக்கு. நீ இவரு மகளுங்கிற. பொய் அட்டைன்னா கேஸாயிடும்மா. அட்டை வச்சிருக்கவங்களையும் இழுப்பாங்க. பெரியவரே, இது ஒங்க மகளா?”

இளையபெருமாள் பத்து வருஷமாகப் பார்க்காத முகத்தைப் பார்த்தார்.

“இல்லைங்க ஐயா. எம்மக தோணியிலயே போயிட்டா. இது யாரோ நல்ல புள்ள. சோறு கொண்டாந்திருக்கு.”

எழுத்தர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே நெற்றி, ஒரே மூக்கு. பதிவேட்டை மூடினார். “நான் டீ குடிக்கப் போறேன். வர கால் மணி நேரமாவும்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். கடவுள் அன்றைக்கு அவ்வளவுதான் கொடுத்தனுப்பினார்.

“ஏம்ப்பா அப்புடிச் சொன்னீங்க?” அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவியபடி மறு கையால் சாப்பிட்டார். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். தூக்குவாளியைக் கழுவி அவளிடம் நீட்டினார்.

“சோறு நல்லா இருந்துச்சுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு, அம்சவள்ளி.”