அடுகோடியில் மூடப்பட்ட பேக்கரிகள்

"நாளைக்குக் காலையில அடுகோடியில இருபத்தோரு பேக்கரியை மூடப்போறேன். ஒரு பன்கூட வீணாகாது, ஒரு ஆள்கூட அழமாட்டான், மத்தியானச் சாப்பாட்டுக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குப் போயிடுவேன்."

யூனிஸ் அம்மாள் இதைச் சொன்னபோது, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த ஆறாவது மாடி ஏசியே ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டது. எதிர் மேஜையில் சீனிவாசராகவன் மட்டும் அசராமல் கண்ணாடியைத் துடைத்தார். தணிக்கைத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். சூரியன் உதித்தது என்றால்கூட வவுச்சர் கேட்பார்.

இருவரும் ஓய்வுபெற்ற பிறகு தாரணியின் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அரசாங்கமும் வியாபாரிகளும் பொதுவில் வைத்திருக்கும் பதிவுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, கேட்பவருக்கு வேண்டிய பட்டியலாகக் கொடுப்பதுதான் அங்கே வேலை. இப்போது கேட்டிருப்பது ஓவன் செய்யும் ஒரு பெரிய நிறுவனம். பெங்களூரில் நடந்துகொண்டிருக்கிற பேக்கரிகள் அத்தனையும் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அவர்கள் பட்டியலில் பத்துக் கடையைக் குலுக்கி எடுத்து நேரில் போய்ப் பார்ப்பார்கள். ஒரே ஒரு கடை இல்லாமல் போனாலும் பட்டியல் திரும்பி வரும். தாரணியின் கம்பெனிக்கு இது முதல் பெரிய வேலை. இது போனால் கம்பெனியே போனமாதிரிதான்.

"ஆன்ட்டி, விளையாடாதீங்க. இருபத்தோரு வரியை எதுக்கு அழிக்கணும்?" என்றாள் தாரணி.

"உங்க பட்டியல்ல அடுகோடியில இருக்கிற இருபத்திரண்டு பேக்கரியும் ஒரே பேக்கரிம்மா. ஒண்ணை வச்சுட்டு மிச்சத்தை மூடணும்."

"ஒவ்வொண்ணுக்கும் தனி லைசென்ஸ் நம்பர் இருக்கு. தனிப் பேர், தனி விலாசம்," என்றார் சீனிவாசராகவன். "நான் ஒவ்வொரு வரியும் பார்த்துப் பச்சை டிக் அடிச்சிருக்கேன். நம்பர் இருந்தா கடை இருக்கு, மேடம்."

"நம்பரைக் குடுத்ததே நான்தானே, சார்!"

சீனிவாசராகவன் ஆதாரம் கேட்டார்.

மறுநாள் காலை கம்பெனி கேப் மேம்பாலத்தில் ஏறியதும் யூனிஸ் அம்மாள் தன் பழைய பாவத்தை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். வார்டு லைசென்ஸ் அலுவலகத்தில் அவர் கிளார்க்காக இருந்த காலம். லைசென்ஸைப் புதுப்பிக்கப் பழைய காகிதம் வேண்டும். அடுகோடியில் பேக்கரி வைத்திருந்த ரத்தினம்மாள் ஒரு வருஷம்கூட அதைக் கொண்டுவந்ததில்லை. நம்பரை லெட்ஜரில் தேடலாம் என்றால் லெட்ஜர்கள் குடோனில், இமயமலை உயரத்துக்கு. தேடப் போன பியூன் திரும்பி வரும்போது தாடி வளர்ந்திருக்கும். அடுப்பில் ரொட்டி தீயுது என்று அந்த அம்மாள் கவுன்டரில் நின்று புலம்புவார். புதுக் கடை என்று எழுதினால் ஐந்தே நிமிஷம்.

"ஒரு வருஷம் புருஷன் பேர், ஒரு வருஷம் பிள்ளை பேர், வியாபாரம் மந்தமா இருந்தா சாமி பேர். விலாசத்துக்கு, அந்த வருஷம் கடைக்கு எதிர்ல என்ன இருந்துதோ அது. புளியமரம் எதிரில், எஸ்டிடி பூத் எதிரில், சைபர் கஃபே எதிரில்... உங்க பட்டியல்ல பார்த்ததும் என் பிள்ளைங்களைப் பார்த்த மாதிரி இருந்தது, சார்."

"பழசை யாரும் ரத்து பண்ணலையா?"

"ரத்து பண்ணவும் பழைய காகிதம் வேணுமே!"

சீனிவாசராகவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கதை," என்றார்.

அடுகோடிக் கடையின் வெண்ணெய் மணம் ஓசூர் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ரத்தினம்மாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்கம்மா! இன்னா, ரிட்டயர் ஆனப்புறம் இளைச்சுட்டீங்க!"

"லைசென்ஸ் எல்லாம் எங்க ரத்தினம்மா?"

"எங்க போவும்? சாமி பக்கத்துல."

கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லைசென்ஸ், சந்தனமும் குங்குமமும் வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு புதுசாகும்.

"இதுல ஒண்ணைக் கழட்டி ஆபீசுக்கு எடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா?" என்றார் சீனிவாசராகவன்.

"சாமி பக்கத்துல மாட்டினதை எறக்குவாங்களா? நீங்க வேற! கடைக்கு ஆவுமா?"

அவர் பட்டியலை விரித்தார். ஸ்டூல் கேட்டார். அறுபத்தெட்டு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு சட்டத்தையும் மூக்கால் தொடும் தூரத்தில் படித்து, நம்பரைப் பார்த்து டிக் அடித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் யூனிஸ் அம்மாள் நாலு பன்னும் இரண்டு டீயும் முடித்திருந்தார் (வீட்டில் இதைச் சொல்லும்போது நாற்பது பன்).

"இருபத்திரண்டு," என்றார் மேலிருந்து. பிறகு பிள்ளையார் காலண்டரை மெல்ல விலக்கினார். "இது என்ன?"

அங்கே இன்னொரு சட்டம். யூனிஸ் அம்மாள் முதல்முறையாக விழித்தார்.

"அதும்மா," என்றார் ரத்தினம்மாள், "உங்க மக கல்யாணத்துக்கு நீங்க லீவ்ல போனீங்களே, அந்த வருசம். உங்க சீட்ல இருந்த தம்பியும் உங்களை மாதிரியே அஞ்சு நிமிசத்துல போட்டுக் குடுத்துட்டாரு."

சீனிவாசராகவன் பட்டியலைப் புரட்டினார். அந்த நம்பரும் இருந்தது. 'சர்ச் பின்புறம்' என்று தனிக் கடையாக, அவர் கையாலேயே அடித்த பச்சையோடு. ஸ்டூலிலிருந்து இறங்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை ஓவன்காரர்கள் பத்துக் கடைக்கும் போனார்கள். பத்தும் இருந்தன, பத்திலும் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அடுகோடியில் மட்டும் ஒரு பை நிறைய பன் கொடுத்தனுப்பினார்களாம். தாரணி போனை வைத்துவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

"பார்த்தீங்களா!" என்றார் யூனிஸ் அம்மாள். "அன்னிக்கு ஒரே காலையில ஐம்பது பேக்கரியை மூடினேன்!"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. தாரணி சிரித்தபடியே எதிர் மேஜையைப் பார்த்தாள். "நிஜமாவே மூடினாங்களா சார்? எத்தனை?"

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐம்பது சுத்தப் பொய். அவங்க முதல்ல சொன்ன இருபத்தொண்ணும் தப்பு," என்றார். "சுவத்துல இருபத்துமூணு, ஒண்ணை வச்சுட்டு மூடினது இருபத்திரண்டு. நான் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணினேன்."