பானை

இறுதிச்சடங்கு மண்டபத்தில் அப்பாவின் படத்துக்கான சட்டத்தை வைத்துவிட்டார்கள். இரண்டு ஓரமும் கறுப்பு நாடா, சுற்றிலும் வெள்ளைச் சாமந்தி. நடுவில் படம் இல்லை.

"படத்தை மூணு மணிக்குள்ள குடுத்துடுங்க," என்றார் மண்டபத்துக்காரர். "நாலு மணிக்கு ஆளுங்க கும்பிட வர ஆரம்பிச்சுடுவாங்க."

அடையாள அட்டையிலிருந்த படத்தை அம்மா ஒரே பார்வையில் ஒதுக்கினாள். "திருடனைப் புடிச்சு நிக்க வச்ச மாதிரி இருக்காரு."

அப்பாவின் கைபேசிப் பூட்டு யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் போன வாரம் வாங்கியது, காலி. மகள் தாசோமின் கைபேசியில் சாப்பாட்டுப் படங்கள் நிறைய. ஒன்றில் அப்பாவின் முழங்கை இருந்தது.

முப்பது வருடம் ஜொன்ஜு நகர அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்துவதுதான் அப்பாவின் வேலை. வீட்டிலும் விடவில்லை. ஒருமுறை சாப்பிடும்போது சூப் பானையைக் காட்டி விளக்கினார்.

"முழு நகல்னா பானையே. இன்னொண்ணு, இன்னைக்குப் புதுசாப் போட்டது மட்டும். மூணாவது, பானை வச்சதுலேருந்து போட்டது எல்லாம். பானை போச்சுன்னா மத்த ரெண்டும் இருந்தும் புண்ணியமில்ல."

"ஆறிடும், சாப்பிடுங்க," என்றாள் அம்மா.

மார்ச்சில் சியோலுக்கு வேலைக்குப் போனபோது, 'முழு' என்று எழுதியிருந்த டிஸ்கை தாசோம் எடுத்துக்கொண்டாள். பழைய தேதி. புதியவைதான் வீட்டில் இருக்கின்றனவே என்று அதை அழித்துத் தன் டிவி தொடர்களை ஏற்றினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது வீட்டிலிருந்து எடுத்துவந்த டிஸ்கைத் திறந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவை மட்டும். எல்லாம் அப்பா எடுத்தவை: மலை, அம்மாவின் முதுகு, மலை. அவர் எதிலும் இல்லை.

"கிடைச்சுதா?" என்றாள் அம்மா.

"பாக்கறேன்மா."

இரண்டு மணிக்குத் தாக் மாமா வந்தார். சலவைக் கடைக்காரர், அப்பாவின் பள்ளித் தோழர். காலிச் சட்டத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினார். எழுந்து, துண்டில் முடிந்த ஒரு சிறு மூட்டையை நீட்டினார்.

"இன்னைக்கு முதல் ஞாயிறு. இதை வாங்கிக்க வருவான்னு பத்து மணி வரைக்கும் கடையில உக்காந்திருந்தேன். நேத்தே போயிட்டான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"முதல் ஞாயிறுன்னா பொதுக் குளியல் கூடத்துக்கு இல்ல போவாரு?" என்றாள் அம்மா.

"அந்தச் சோம்பேறியா? ஏப்ரல்லேருந்து மாசாமாசம் இதை வாங்கிட்டுப் போயிப் புதுசைச் சேர்த்து அன்னைக்கே திருப்பிக் குடுத்துடுவான்."

மூட்டைக்குள் ஒரு டிஸ்க். அப்பாவின் கையெழுத்து: முழு.

"அதுக்கு முந்தி வீட்டுலதான வச்சிருந்தாரு?" என்றாள் தாசோம்.

"ஆமா. வீட்டுல வச்சா ஒரு ஆளு அழிச்சுடும்னான். யாருடான்னேன். சிரிச்சான், சொல்லல."

தாசோம் டிஸ்கை மண்டபத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். பழைய படங்கள் எல்லாம் இருந்தன.

அவள் பட்டம் வாங்கிய நாள். பூங்கொத்தைத் தன்னுடையதுபோலப் பிடித்துக்கொண்டு அப்பா சிரிக்கிறார். ஓரத்தில் அவள் தோள். மண்டபத்துக்காரர் தோளை வெட்டிவிட்டு மூன்று மணிக்குள் படத்தைச் சட்டத்தில் ஏற்றினார்.

"இதுதான் நல்லாருக்கு," என்றாள் அம்மா. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

தாசோம் டிஸ்கை மறுபடியும் துண்டில் சுற்றினாள். அவள் போட்ட முடிச்சு நிற்கவில்லை. தாக் மாமா சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டார். சூப் தெறிக்காத தூரத்தில், மேசையின் மறு ஓரத்தில் அதை வைத்தார்.