நூற்றெண்பது காவல்காரர்கள்

‘லினக்ஸ் புலி’ என்பது மைத்துனன் வைத்த பெயர். கிண்டலுக்குத்தான் வைத்தான், புலி அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்த ஒரே கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியதும் அவர்தான், “இனி இது சாகவே சாகாது” என்று மனைவியிடம் மார்தட்டியதும் அவர்தான். ஒரு மாதமாக அது தினமும் செத்துக்கொண்டிருந்தது.

மனைவி மொழிபெயர்ப்பாளர். ஒரு மருந்துக் கம்பெனியின் கையேடு இன்று பகல் பன்னிரண்டுக்குள் போயாக வேண்டும். இரண்டு முறை தவணை கேட்டாயிற்று. இன்னொரு முறை கேட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். பத்தேகாலுக்குத் திரை அப்படியே நின்றது. அவள் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பட்டென்று மூடிக்கொண்டது. கடைசி இரண்டு பக்கம் போயே போய்விட்டது.

“தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, நெட்டுல திறந்து வச்ச அந்த அகராதிப் பக்கத்தையெல்லாம் மூடுன்னு. மெமரியெல்லாம் அதுதான் தின்னுது” என்றார் புலி.

“மூடி மூணு வாரமாச்சுங்க.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மெமரி நிரம்பினால், ஓடுவதிலேயே பெரிய நிரலாகப் பார்த்து லினக்ஸ் அடித்துப் போட்டுவிடும் என்று நிதானமாகப் பாடம் எடுத்தார். ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்து, பெரியது மேலே வரும்படி அடுக்கினார். ஒரு மாதமாக இதையேதான் செய்கிறார். மேலே அவள் மறுபடி திறந்த கோப்பு, அதற்குக் கீழே பிரௌசர்.

“பார்த்தியா?”

அவள் மௌஸை வாங்கினாள். அகராதியிலேயே குடியிருப்பவளுக்கு எதுவும் அகரவரிசையில் இருந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். ‘பெயர்’ என்ற தலைப்பை அழுத்தினாள். ஒரே பெயர் திரை முழுக்க வரிசை கட்டி நின்றது.

“ஏங்க, யாருங்க இந்தக் காவல்காரன்? முடிவே இல்லாம வர்றான்.”

காவல்காரன் புலி பெற்ற பிள்ளை. மெமரியை யார் தின்கிறார்கள் என்று நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்க, லினக்ஸ் ஏற்றிய அன்றே அவர் கைப்பட எழுதிய நிரல். வரச் சொல்லி எழுதியவர், பார்த்துவிட்டுப் போகச் சொல்லி எழுத மறந்திருந்தார். ஏழேகாலுக்குக் கணினியைப் போட்டதிலிருந்து நிமிடத்துக்கு ஒருவனாக நூற்றெண்பது பேர் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவனும் பொடியன், அதனால் அடி முழுக்க அவள் கோப்புக்கே விழுந்தது.

“நம்ம ஆளுதாம்மா” என்றார் புலி, பூனைக் குரலில்.

ஒரே வரிக் கட்டளையில் அத்தனை பேரையும் விரட்டினார். மெமரி காலி வீடாயிற்று. “இனிமே எத்தனை அகராதி வேணும்னாலும் திறந்துக்கோ.”

“வேணாங்க, பழகிடுச்சு” என்று அவள் பக்கத்திலிருந்த நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக மருந்துச் சொற்கள், எல்லாம் கையெழுத்தில். மூன்று வாரமாகச் சாயங்காலத்தில் அவள் நூலகத்துக்குப் போனது பொழுதுபோகாமல்தான் என்று நினைத்திருந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் ‘கணினிக்குப் பாரம் கூடாது’ என்று எழுதியிருந்தாள். புலியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பதினொன்றே முக்காலுக்குக் கையேடு போய்ச் சேர்ந்தது. அதுவரை புலி அந்த நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்ட சொல்லையெல்லாம் வாசித்துக் காட்டினார். வேறு எதையும் தொட வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.