நவமியில் ஓடிய பம்ப்

"இந்த டெஸ்ட்டை மறுபடியும் ஓட்டணும், சார்."

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த சுப்பிரமணியத்தின் கை அப்படியே நின்றது. பிரிஜட் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்றுதான்: கண்ட்ராக்டரிடம் எதை வேண்டுமானாலும் கேள், கத்து, சண்டை போடு, தேறிவிட்ட சோதனையை மறுபடி நடத்து என்று மட்டும் ஒருநாளும் கேட்காதே. கேட்டால் முதலில் நாறுவது நம் பெயர்தான்.

எட்டு மாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றியவள், இந்தத் திங்கட்கிழமை காலையில் போட்டு உடைத்துவிட்டாள்.

பொங்கோல் கடற்கரையில், புதுப் பம்ப் அறைக்குப் பக்கத்தில் போட்டிருந்த பலகைக் கொட்டகை அது. மேசைக்கு அந்தப் பக்கம் சுப்பிரமணியம். பம்ப் திட்டத்தை வரைந்து கணக்குப் போட்ட நிறுவனத்தின் முதலாளி. பிரிஜட்டுக்கும் அவர்தான் முதலாளி. கதவோரம் நின்றவர் கோவிந்தசாமி, கட்டிக்கொடுத்த கண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். மேசைமேல் நிறைவுச் சான்றிதழ் கிடந்தது. சுப்பிரமணியம் கையெழுத்துப் போட்டால் மதியத்துக்குள் வடிகால் இலாகாவுக்குப் போய்விடும். அப்புறம் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள்.

"ஏன், பம்ப் ஓடலையா?"

"ஓடுச்சு."

"ஏழு மணி நேரம் வெயில்ல நின்னு தண்ணி லெவல் படிச்சது யாரு?"

"நான்தான்."

"ஷீட்ல கையெழுத்துப் போட்டது?"

"அதுவும் நான்தான் சார். அதனாலதான் கேக்கிறேன்."

அங்கிருந்த கம்பம், கடலோரக் குடியிருப்பு, கடலைவிடக் கொஞ்சமே மேட்டில் கிடந்தது. மழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தால் கால்வாய்த் தண்ணீர் கடலுக்குள் இறங்காது. திரும்பி வீடுகளுக்குள் ஏறும். அதற்காகத்தான் கால்வாயின் வாயில் ஓர் இரும்புக் கதவு, உள்ளே தேங்கும் தண்ணீரை இறைத்துக் கடலில் தள்ள இரண்டு பம்ப்புகள். கடல் உயர உயரப் பம்ப் திணறும், தள்ளும் தண்ணீரும் குறையும். ஆகவே ஓர் உச்ச ஏற்றம் கடந்து போகும்வரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எந்த நாளின் ஏற்றம் என்று இல்லை.

போன வியாழக்கிழமை ஓட்டிக் காட்டினார்கள். கால்வாயில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. கரைக்கு உள்பக்கம் குடியிருக்கும் மைமூன், ஆட்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தவள், "இனிமேல் வீட்டுக்குள் தண்ணீர் வராதா?" என்று மலாயில் கேட்டாள். வராது, நான் பொறுப்பு என்றாள் பிரிஜட். அன்று சாயங்காலமே மைமூன் கட்டிலுக்கும் அலமாரிக்கும் முட்டுக்கொடுத்திருந்த செங்கற்களையெல்லாம் உருவி, வாசலுக்குப் படி கட்டிக்கொண்டாள்.

சந்தேகம் நேற்றுத்தான் வந்தது. அதுவும் ஃபேரர் பார்க்கில், அவள் வீட்டு வாசலில். ஞாயிறு பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா காலண்டரும் கையுமாக நின்றாள்.

"இந்தப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியலம்மா, கொஞ்சம் படி. போன வியாழக்கிழமையே நிச்சயத்த முடிச்சிருக்கலாம்னு மாப்பிள்ள வீட்டுல குதிக்கிறாங்க. அன்னைக்கு என்ன போட்டிருக்கான்?"

"நவமி."

"அதானே பாத்தேன்! அஷ்டமி நவமியில எவனாச்சும் நல்ல காரியத்துல கை வைப்பானா? உங்களுக்கென்ன, வேதக்காரங்க, எல்லா நாளும் ஒண்ணுதான்."

ரத்தினம்மா சிரித்தாள். பிரிஜட்டின் விரல் அந்தக் கட்டத்தைவிட்டு நகரவில்லை. இந்த வேலையில் கான்கிரீட் தூண் ஒவ்வொன்றுக்கும் தேங்காய் உடைத்தவர் கோவிந்தசாமி. அஷ்டமி என்று சொல்லி ஒருமுறை கான்கிரீட் லாரியையே திருப்பியனுப்பி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் போய் நவமியில் பம்ப்பை ஓட்டுவாரா? வியாழக்கிழமை தேங்காயும் இல்லை, சூடமும் இல்லை. சுவிட்சைக்கூட அவர் தொடாமல் சீன ஃபிட்டரை அழுத்தச் சொன்னார். அன்று அது அவளுக்கு உறைக்கவில்லை.

இன்று விடிந்ததும் ஆபீசுக்குப் போய்க் கடலேற்ற அட்டவணையைப் பிரித்தாள். அஷ்டமி நவமியை ஒட்டித்தான் கடல் மாதத்திலேயே சோம்பிக் கிடக்கும். வியாழக்கிழமை உச்சம் அந்த மாதத்திலேயே குறைவு. வருகிற வெள்ளிக்கிழமை, அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், அதைவிடத் தொண்ணூறு சென்டிமீட்டர் கூடுதல்.

அட்டவணையை இப்போது சான்றிதழின் மேல் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுங்க, சார். தேறிடுச்சுன்னா நானே மன்னிப்புக் கேக்கிறேன்."

சுப்பிரமணியம் அட்டவணையைப் பார்க்காமலே சிரித்தார். "யூனிவர்சிட்டி முடிச்ச எஞ்சினியர், அமாவாசை நவமின்னு பஞ்சாங்கம் பேசுது. கோவிந்து, கேட்டியா? அடுத்தது எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லும்லா."

"எனக்கு நவமியில நம்பிக்கை இல்ல, சார். கோவிந்தசாமி அண்ணனுக்கு இருக்கு. அதான் என் சந்தேகம்." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கண்ணே. கான்கிரீட் லாரிய திருப்பியனுப்புன ஆளு, இதுக்கு மட்டும் நாள் பாக்கலையா? கடல் எப்ப இறங்கியிருக்கும்னு பாத்துத்தானே தேதி வச்சீங்க?"

கோவிந்தசாமியின் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, என் பொழப்புல மண்ண போடாதம்மா. தேதி நான் வைக்கல. சனிக்கிழமை வச்சுக்குவோம், திங்கக்கிழமை வச்சுக்குவோம்னு மூணு தடவ கெஞ்சினேன். சார்தான் வியாழக்கிழமைய விட்டா வேற நாளே கிடையாதுன்னு..."

"கோவிந்து," என்றார் சுப்பிரமணியம். "போய் மூணு தே ஓ சொல்லிட்டு வா."

கோவிந்தசாமி தேநீர் வாங்கப் போனார். பிரிஜட் மேசைமேல் கிடந்த சான்றிதழைப் பார்த்தாள். திருடன் என்று நினைத்துக் கண்ட்ராக்டர் வீட்டுக் கதவைத் தட்டினால், தன் வீட்டுக்குள்ளிருந்தே இருமல் கேட்கிறது. கண்ட்ராக்டர், தனக்குச் சொல்லப்பட்ட பம்ப்பைத்தான் வாங்கிப் பொருத்தினார். எந்த பம்ப் என்று கணக்குப் போட்டுச் சொன்னது யார்?

"கணக்குல கடல்மட்டம் எவ்வளவு எடுத்தீங்க, சார்?"

"சராசரி."

"உச்சம் எடுக்கலையா?"

"உக்காரு பிரிஜட். உச்ச ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்துல வர்றது வருஷத்துல எத்தனை தடவ? ஒண்ணு, ரெண்டு. அதுக்குப் போய் இன்னும் ரெண்டு பம்ப் போடச் சொன்னா டிசைன் தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கம்பெனிய மூடிட்டு நம்ம பதினெட்டு பேரும் வீட்டுக்குப் போகணும். கம்பத்தையும் இன்னும் சில வருஷத்துல எடுத்திடுவாங்க. எல்லாருக்கும் ஃபிளாட்டு."

"அந்தச் சில வருஷம் அவங்க எங்க படுப்பாங்க, சார்?"

"உங்கப்பா என் முன்னால வந்து கைகட்டி நின்னாரு, ஞாபகம் இருக்கா? பொம்பளப் பிள்ளைய சைட்டுக்கு யாரு எடுத்தா? நான் எடுத்தேன்."

அப்பா மரியஅந்தோணி அன்று கைகட்டி நின்றது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவர் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அவர் போட்டிருந்தது யாரோ கொடுத்த சட்டை, தோளில் நிற்கவில்லை. அதை இவர் இப்போது எடுத்துக் காட்டியதும் அவளுக்குள் மிச்சமிருந்த தயக்கமும் எரிந்துபோயிற்று.

"எடுத்தீங்க. ஏன் எடுத்தீங்கன்னுதான் இப்ப யோசிக்கிறேன். ஆபீஸ்ல எனக்கு முன்னால சேந்தவங்க நாலு பேரு. அவங்கள்ல யாரு வந்திருந்தாலும் அன்னைக்கே 'சார், இன்னைக்கு நவமியாச்சே, ஏன்?'னு கேட்டிருப்பாங்க. நான் கேக்க மாட்டேன். மாதா கோயில் பிள்ள. புதுசு. கடல்ல லெவல் படிச்சுப் பழக்கமில்ல. அதுக்குத்தானே என்னை நிக்க வச்சீங்க?"

சுப்பிரமணியம் பேனா மூடியை முழுக்கத் திருகி எடுத்தார்.

"அடுத்த மாசம் உன் வேலைய நிரந்தரமாக்கணும்னு இருந்தேன்," என்றார். "டெஸ்ட் முடிஞ்சது முடிஞ்சதுதான். வெளியில போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

பிரிஜட் அட்டவணையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பையிலிருந்து, இலாகாவுக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகலை மட்டும் எடுத்து மேசையில் வைத்தாள்; அசல் பைக்குள்ளேயே இருந்தது. வியாழக்கிழமைச் சோதனையில் போட்ட சாட்சிக் கையெழுத்தை அவள் திரும்பப் பெறுகிறாள், காரணம் இன்னது, உச்ச ஏற்றத்தில் மறுசோதனை வேண்டும். பத்தே வரிதான்.

"எப்ப எழுதின?"

"காலையில. ஆபீஸ்லேருந்து வர்றதுக்கு முன்னால."

"அப்புறம் என்னத்துக்கு இங்க வந்து எங்கிட்ட கேட்ட?"

"கண்ட்ராக்டர் உங்களையும் ஏமாத்திட்டான்னு நெனச்சேன், சார். வெள்ளிக்கிழமை ஓட்டலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இதக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"நேத்து வந்த பொண்ணு சொல்றத இலாகாவுல எவன் கேப்பான்? இந்தத் தொழில்ல உனக்கு இன்னொரு வேலை கிடைக்காது. தெரியுமா?"

"தெரியும்."

வெளியே வந்தாள். காலிப் பால் டின்களில் வாங்கிய தேத்தண்ணியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே வந்த கோவிந்தசாமி வழியை மறிப்பதுபோல் நின்றார்.

"எங்கம்மா போற? தேத்தண்ணி?"

"இலாகாவுக்கு. நாளைக்கு உங்களையும் கூப்பிட்டுக் கேப்பாங்கண்ணே. மூணு தடவ கெஞ்சினத அங்கயும் சொல்லுவீங்களா?"

அவர் கொட்டகையைப் பார்த்தார், கையிலிருந்த டின்களைப் பார்த்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் வருவது மணிக்கு ஒன்று. அதைப் பிடிக்க அவள் செம்மண் பாதையில் வேகமாக நடந்தாள்.