உண்டியலுக்குப் போகாத காசு

சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் அந்த மஞ்சள் பை சிமெண்டு பெஞ்சில் தனியாகக் கிடந்தது. என் பணியாரக் கடைக்கு வெல்லமும் உளுந்தும் வாங்கிக்கொண்டு கோச்சடை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். யாருமே எடுக்கவில்லையே என்று திறந்து பார்த்தேன். ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள். அதற்கு மேலே ஒரு ஜோடி வசம்பு வளையல், பச்சைக் குழந்தைக்குப் போடுவது, புத்தம் புதிதாக.

பிள்ளை பிறந்த வீட்டுக் காசு! தொலைத்தவர் எங்கே நின்று அழுகிறாரோ!

ஆசையே வரவில்லை என்று சொன்னால் கருப்பசாமி என் நாக்கை அறுத்துவிடுவார். என் கிரைண்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று முனகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வளையலை ஒதுக்கிவிட்டு நோட்டில் கை வைக்க மனசு துணியவில்லை. அங்கேயே டீக்கடை வைத்திருக்கும் கண்ணுச்சாமி அண்ணனிடம் என் நம்பரைக் கொடுத்தேன்.

“அண்ணே, யாராச்சும் பையைத் தேடி வந்தா என்கிட்டப் பேசச் சொல்லுங்க. உள்ள காசு போக வேற என்ன இருந்துச்சுன்னு கேப்பேன்.”

மறுநாளே போன் வந்தது. ஒருத்தன் செல்போன் என்றான். இன்னொருத்தி பட்டுச்சேலை என்றாள். “வெளக்கமாத்துக்கட்டை இருந்துச்சு, வந்து வாங்கிட்டுப் போ!” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

“பேசாம போலீஸ்ல குடுத்துருவோம்” என்றார் என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி. காக்கிச் சட்டையைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெருவில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: கண்டெடுத்த காசு வீட்டில் தங்கினால் வீட்டுக்கு ஆகாது, கருப்பசாமி கோயில் உண்டியலில் போட்டுவிடு, உரியவனிடம் சேர்ப்பது சாமி பாடு. அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. வெள்ளிக்கிழமை போடுவதென்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை பேயாண்டி செத்துப்போனார்.

பேயாண்டி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். ஊரில் எங்கள் வயலும் அவர் வயலும் பக்கத்துப் பக்கத்தில். வரப்பை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டார் என்று சண்டை வந்து, பல வருஷமாகப் பேச்சே கிடையாது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். பங்காளி வீட்டுச் சாவு. கருமாதி முடியும் வரை எங்களுக்குத் தீட்டு, கோயில் படி மிதிக்கக்கூடாது.

“பேசாத ஆளுக்கு என்னய்யா தீட்டு?”

“பேசாட்டியும் பங்காளி பங்காளிதான்” என்றார் இவர்.

வேறு யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்லலாமென்றால், தீட்டு வீட்டுக் காசைத் தொட ஒருத்தியும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “உசுரோட இருந்தப்ப வரப்பை மறிச்சாரு. செத்தும் கோயில் வாசலை மறிக்கிறாரு பாரு!” என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பை அரிசிப் பானைக்குள் கிடந்தது. அந்த வளையலை நினைத்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு கண்ணுச்சாமி அண்ணன் போன் செய்தார். “தங்கச்சி, ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு தேடுறான். என்னன்னு கேட்டா அழுகுறான்.”

“அவன்கிட்ட குடுங்கண்ணே. ஏப்பா, பைக்குள்ள வேற என்ன இருந்துச்சு?”

“வசம்பு வளையல்க்கா… எம் புள்ளைக்கு.”

அரை மணி நேரத்தில் வந்து நின்றான். பேர் சிவபாண்டி, ஆனையூரில் கொத்தனார். குறைமாதப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். மாடுகளை விற்றுக் கொண்டுவந்த காசு. டவுன் பஸ்ஸில் விட்டதாக நினைத்து டெப்போ டெப்போவாக அலைந்திருக்கிறான். நாளைக்குள் கட்டாவிட்டால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமாம். அந்த அலைச்சலைப் பிள்ளை தாங்குமா என்று டாக்டரே தயங்குகிறாராம்.

பையைக் கொடுத்தேன். காசைப் பார்க்கவில்லை அவன். வளையலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“தம்பி, இது தீட்டு வீட்டுல இருந்த பை. வளையலை மஞ்சத் தண்ணியில கழுவிப் போடு.”

“யாருக்கா தவறுனது?”

சொன்னேன். உண்டியலில் போட இருந்ததையும், தீட்டு வந்து மறித்ததையும் சொன்னேன். உண்டியலில் விழுந்த காசை எந்தச் சாமி எடுத்து இவனிடம் கொடுத்திருக்கும்? கட்டைப் பிரித்து எனக்கென்று எதுவும் எடுத்து நீட்டினால் திட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்தான்.

“அக்கா, அவுகளுக்கு எம் பேர்ல ஒரு மாலை போட்டுருங்க.”

கருமாதியன்று மாலையோடு போனேன். பேயாண்டி பெண்டாட்டி தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்து, “அக்கா, நீங்களா?” என்று கட்டிக்கொண்டு அழுதாள். படத்துக்கு மாலையைப் போட்டேன். காலையில் சிவபாண்டி அனுப்பிய போட்டோவைச் செல்லில் எடுத்து, அந்தப் படத்துக்கு நேராகக் காட்டினேன். முதல் தடவையாகப் பெட்டியை விட்டு வெளியே வந்து அம்மா மடியில் கிடக்கிறது பிள்ளை, கையில் வசம்பு வளையல்.

“பாருங்க கொழுந்தனாரே. நீங்க மறிச்சதுல பொழைச்ச உசுரு இது. உங்களை எம்புட்டு வைதேன்! ரொம்ப நன்றிய்யா.”

அழுதேன். சாவு வீட்டில் முறைக்காக அழுவது வேறு, இது வேறு. பிறகு தமிழ்ச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தமிழு, அந்த வரப்பு இப்ப இருக்குற எடத்துலயே இருக்கட்டும்.”