பூதத்தானின் தெப்பம்

தோளில் தொடங்கிய வலி இடுப்புவரை இறங்கிவிட்டது. வாலிபத்திலிருந்து வாழைத்தார் சுமந்த உடம்பு. இனி முடியாதென்று இஸ்ரவேலுக்கே தெரிந்தது. ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கப் பழைய தெப்பம் ஒன்று வாங்கிவிட்டால், கம்பு ஊன்றியே மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம்.

விலைக்கு இரண்டு கிடந்தன. இரண்டும் பேட்டையில் ஒரே பட்டறையில் செய்தவை. ஆறாறு இரும்பு டிரம், மேலே பலகை. ஒன்று, தொழிலை விட்ட காஜா முகைதீனுடையது. மற்றது பூதத்தானுடையது. போன ஐப்பசியில் ஆள் ஏற்றி வரும்போதே நடு ஆற்றில் மாரைப் பிடித்துக்கொண்டு அதே பலகையில் சாய்ந்து செத்துப்போனார் பூதத்தான். அதன்பின் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. அதை விற்றுத்தான் மகள் சித்ரலேகாவை நர்சு படிப்பில் சேர்க்கவேண்டும் என்று காத்திருந்தாள் அவர் மனைவி ஞானம்பாள்.

இஸ்ரவேல் இரண்டையும் கவிழ்த்து, டிரம்களில் தண்ணீர் ஊற்றி, பொழுது சாயும்வரை பார்த்தான். எதிலும் கசிவில்லை. பூதத்தானுடையது ஒரு பங்கு கெட்டியாகவே இருந்தது.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் கூரைமேல் நின்ற தங்கள் மகள் ஸ்வீட்லினை அந்தத் தெப்பத்தில்தானே பூதத்தான் கொண்டுவந்து சேர்த்தார் என்று வீட்டில் சொல்லிப்பார்த்தான். மனைவி பியூலா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"நான் இல்லங்கலியே. நடவுக்குப் போற பொம்பளைய அதுல ஏறுவாளுவளா? நீரு மட்டும் அங்கனயும் இங்கனயும் சவாரி போய்க்கிட்டு இரும்."

மறுநாள் ஞானம்பாள் வாசலில் போய் நின்றான். உன் புருஷன் செத்த பலகை, அதனால் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதைவிட ஒரு பொய் தேவலை என்று நினைத்துக்கொண்டான்.

"அடி டிரம் ரெண்டு துருப்பிடிச்சிருக்கு மதினி. தாங்காது."



"துருப்பிடிக்காம டிரம்முக்குக் கீல் பூசுன மறுநாளுதான் அவுக போனாவ, தம்பி. நீங்கதான கூட நின்னு காய்ச்சிக் குடுத்திய."

அவன் காஜா முகைதீனின் தெப்பத்தை வாங்கினான்.

சொன்ன சொல் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. நாங்குநேரிப் பக்கம் குளத்தில் மீன் குத்தகை எடுத்த ஒருவர் பூதத்தானின் தெப்பத்தைப் பார்க்க வந்தார். சாவைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. டீக்கடையில் இஸ்ரவேலைக் காட்டி, சோதித்துப் பார்த்தவன் இவன்தான் என்றார்கள்.

"துருவாமே வே. மெய்தானா?"

கடை நிறைய ஆள். இல்லையென்றால் ஞானம்பாளிடம் சொன்னது பொய்யென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"ஆமா அண்ணாச்சி" என்றான் இஸ்ரவேல்.

அவர் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

கடைசியில் பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்தான். கரையிலேயே உடைத்தார்கள். சம்மட்டி போட்டும் டிரம்கள் லேசில் நசுங்கவில்லை. அக்கரையிலிருந்த இஸ்ரவேலுக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது.

எடைக்குக் கிடைத்த காசு நர்சு படிப்புக்குக் காணவில்லை. சித்ரலேகா இப்போது பீடி சுற்றுகிறாள். இலைக்கட்டு வாங்க இஸ்ரவேலின் தெப்பத்தில்தான் ஆற்றைக் கடக்கிறாள். காசு வேண்டாமென்றால் பலகைமேல் வைத்துவிட்டு இறங்கிப்போகிறாள்.

ஸ்வீட்லினின் உயிருக்கும், இந்தப் பெண்ணின் படிப்புக்கும் இஸ்ரவேல் அந்த வீட்டுக்குக் கடன்காரன். இரண்டில் ஒன்றையும் அவன் இன்னும் அடைக்கவில்லை.