நீலகண்டாவுக்குப் போட்ட சீட்டு

குத்தாலம் விற்பனைக் கூடத்தில் இருபத்தைந்து வருஷம் பருத்தி ஏலத்துக்குச் சீட்டு எழுதியவர் செல்லதுரை. வெளியூர் மில்காரர்களுக்குப் பருத்தி எடுத்துக் கொடுக்கும் வேலை. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி பஞ்சை உருவி, விரலால் இழுத்துப் பார்த்து, துண்டுச் சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யார் என்ன எழுதினார்கள் என்பது பெட்டியைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டி தன்னை ஏமாற்றிய நாட்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம் என்பது செல்லதுரையின் கட்சி. கூடத்தில் மற்றவர்களைக் கேட்டால் கால் விரலையும் சேர்க்கச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மனுஷரிடம் வந்து, ஓட்டல் அறையைக்கூட ஏலத்தில் எடுக்கலாம் என்று மகள் கவிப்ரியா சொன்னால் அவர் சும்மா இருப்பாரா?

கவிப்ரியா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது அம்மாவின் விசா பேச்சு வந்தது. கனடாவில் இருக்கும் மகன் செந்தில்குமாரின் மனைவிக்கு ஆவணியில் பிரசவம். கலைமகள் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வர வேண்டும். செல்லதுரை போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தாகிவிட்டது, சம்பாவை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? ஆனால் விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னைக்குத் துணைக்குப் போயாக வேண்டும்.

"காலைல ஒம்பது மணிக்கு அங்க நிக்கணும்ப்பா. முதல் நாளே போயி எழும்பூர்ல தங்கிக்கங்க. ஒரு சைட் இருக்கு. பெரிய ஓட்டல்ல காலியாக் கெடக்குற ரூமைப் பாதி விலைக்குத் தருவாங்க. நாமதான் வெலை சொல்லணும். அவங்களுக்குக் கட்டுப்படியானா குடுத்துருவாங்க."

"அட, நம்ம ஏலம்தானே!"

"ஆனா பணம் கட்டுற வரைக்கும் ஓட்டல் பேரு தெரியாது. எந்த ஏரியா, எத்தனை ஸ்டாரு, என்னென்ன வசதி, அவ்வளவுதான் சொல்வாங்க. அப்புறம் கேன்சல் பண்ண முடியாது."

செல்லதுரைக்குச் சிரிப்பு வந்தது. கூடத்தில் சரக்கு கண்ணெதிரே இருக்கும், விலைதான் ரகசியம். இங்கே விலையைப் பகிரங்கமாகச் சொல்லச் சொல்லிவிட்டுச் சரக்கை மறைக்கிறார்கள். கலியுகம்! ஆனால் மகள் சொன்னதில் எழும்பூர் என்ற ஒரு சொல் அவர் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில் நீலகண்டா லாட்ஜ் இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான ஐந்தாம் மாதம், மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகக் கிளம்பியவர் கலைமகளையும் அழைத்துக்கொண்டு அங்கேதான் போய் இறங்கினார். ஒரே நாளில் விமானம் ஏற்றிவிடுவதாக ஏஜெண்ட் சொல்லியிருந்தான். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணிதான் கொண்டுபோனார்கள். "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று அவன் சொல்லிச் சொல்லியே பதினோரு நாள் ஓடிப்போயிற்று.

ஊர் வீட்டில் பதினான்கு பேர். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஒதுக்கிய அறையில்தான் விதைநெல் மூட்டைகளும் அடுக்கியிருந்தன. பொழுது விடிவதற்குள் யாராவது கதவைத் தட்டி, "தம்பி, ரெண்டு மூட்டை எடுத்துக்கறோம்" என்பார்கள். எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கதவைச் சாத்தவும் மாட்டார்கள். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேசுவதென்றால் வாய்க்கால் கரைக்குத்தான் போக வேண்டும்.

நீலகண்டாவின் இருநூற்றுப் பதினான்காம் நம்பர் அறைக்கு நல்ல தாழ்ப்பாள் இருந்தது. அதைத் தட்ட ஒரு ஜீவன் கிடையாது. கலைமகள் சேலையை அலசி மின்விசிறிக்கு அடியில் காயப்போடுவாள். கீழே இருந்த சைவ ஓட்டலில் இருவருக்குமாக ஒரு தோசை, இரண்டு காபி. பிறகு ஜன்னலில் நின்று ரயில் பார்ப்பது. அந்தப் பதினோரு நாளும் அவள் எதற்கெடுத்தாலும் சிரித்தாள். அதன் பிறகு ஆறு வருஷம் மஸ்கட் வெயிலில் அவரைக் கட்டிக் காப்பாற்றியது அந்தச் சிரிப்புதான்.

இப்போது அவள் போகிறாள். போவதற்குள் அந்த நீலகண்டாவில் ஒரு நாளாவது அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கலைமகளிடம் மூச்சு விடவில்லை.

நேரே போய்க் கேட்டு எடுக்கிற நிலையில் நீலகண்டா இல்லை. லாட்ஜ் வளர்ந்து 'தி நீலகண்டா' ஆகிவிட்டது. நாலு நட்சத்திரம், முகப்பெல்லாம் கண்ணாடி. ஒரு நாள் வாடகை ஒரு குவிண்டால் பருத்தி விலையைத் தாண்டுகிறது. கலைமகளுக்குத் தெரிந்தால் அந்த அறையில் உட்காரவே மாட்டாள். ஆகவே ஏலம்தான் வழி.

மூன்று நாள் கைப்பேசியும் கையுமாகக் கிடந்தார். பெயர் மறைத்த ஓட்டல்களில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எழும்பூர், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், நாலு நட்சத்திரம், கீழ்த்தளத்தில் சைவ உணவகம். இதைவிட என்ன வேண்டும்? முதல் நாள் கேட்ட விலை படியவில்லை. இரண்டாம் நாளும் படியவில்லை. மூன்றாம் நாள் மூவாயிரத்து அறுநூற்று மூன்று என்று அடித்தார். முழு எண்ணாக எழுதுகிறவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான் என்பது கூடத்துப் பாடம். இன்னொருவன் மூவாயிரத்து அறுநூறு என்று முழுசாக எழுதியிருந்தால் அந்த மூன்று ரூபாய்தான் ஜெயிக்கும். இங்கே எதிரே எவனும் சீட்டு எழுதவில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை, பழக்க தோஷம்.

விலை படிந்தது. பணம் போனது. பெயர் வந்தது. 'பேர்ல் அவென்யூ.'

செல்லதுரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எத்தனை முறை படித்தாலும் அது நீலகண்டாவாக மாறவில்லை. கையை விட்டுப் பார்க்காத மூட்டைக்கு விலை எழுதாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! பெட்டியில் விழுந்த சீட்டைத் திரும்ப எடுக்கும் வழக்கம் குத்தாலத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை.

மாயவரத்தில் பகல் ரயில் ஏறியதிலிருந்து அவர் முகம் சரியில்லை. கட்டிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை இரண்டு வாயோடு மூடி வைத்தார்.

"என்னங்க, பல்லு வலியா?" என்றாள் கலைமகள்.

"ஒண்ணுமில்ல."

"நான் இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் பேர்ல் அவென்யூவின் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல முடியவில்லையே என்பதும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. கலைமகள் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பார்த்தாள், கடைசியில் திரைச்சீலையை ஒதுக்கினாள். ஒதுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அது நீலகண்டாதானே?"

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, கண்ணாடி முகப்போடு 'தி நீலகண்டா' நின்றது. இரண்டுக்கும் நடுவே இருபதடித் தெரு.

இனி மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னார். "நீ போறதுக்குள்ள அங்க ஒருநா தங்க வைக்கணும்னு நெனச்சேன் கலை. பக்கத்து மூட்டை விழுந்துருச்சு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நல்லவேளை," என்றாள்.

"என்ன நல்லவேளை? அந்தப் பதினோரு நாளு மாதிரி நமக்கு அப்புறம் வாய்ச்சுதா?"

"உங்களுக்குப் பதினொண்ணு. எனக்குப் பன்னெண்டு."

அவருக்குப் புரியவில்லை.

"உங்களை டாக்சில ஏத்திவிட்டுட்டு நான் எங்க போனேன்னு நெனச்சீங்க?"

"உங்கண்ணன்தான் அன்னிக்குச் சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. லெட்டர்ல எழுதியிருந்தியே."

"எழுதினேன். அங்க போயி நீங்க கவலைப்பட்டுக்கிட்டுக் கெடக்கக் கூடாதுன்னு எழுதினேன். தந்தி லேட்டாப் போயிருக்கு. அண்ணன் மறுநாள் காலைலதான் வந்துச்சு. அது வரைக்கும் அந்த ரூம்ல நான் மட்டும்தான். கதவுக்கு நாற்காலிய முட்டுக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். நீங்க தலை தொவட்டுன துண்டு கொடியில ஈரமாத் தொங்குது."

செல்லதுரை ஜன்னலை விட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஊருக்குப் போனா அழ எடம் ஏது? பதினாலு பேரு. அதனால அங்கயே எல்லாத்தையும் அழுது முடிச்சுட்டேன். ஆறு வருஷத்துக்கும் சேத்து."

"அந்தப் பதினோரு நாளும் சிரிச்சுக்கிட்டே இருந்தியே, கலை."

"ஏஜெண்டு நாளைக்குன்னு சொல்லிட்டான்னு நீங்க வந்து சொல்லுவீங்க, அதான் சிரிச்சேன். வேற எதுக்கு?"

முப்பத்தைந்து வருஷமாக மேல் பஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டே நல்ல சரக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் கையை விட ஒருநாளும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? பிளேனைத் திருப்பிக்கிட்டு வந்திருப்பீங்களா?" அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, வாங்க. எதிர்ல போயி தோசை சாப்பிடலாம். அந்த ரூம் மேலதான் எனக்குக் கோவம், தோசை என்ன பண்ணுச்சு?"

அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வழக்கமாக விறுவிறுவென்று முன்னால் இறங்கிப் போகிறவர், அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கலைமகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. ஆவணில என்னை ஏத்திவிட்டுட்டு ஏர்போர்ட்டுலேருந்து நேரா ரயிலேறி ஊருக்குப் போயிடணும். அன்னிக்கு எவ்வளவு சல்லிசாக் கெடச்சாலும் இங்க ரூம் மட்டும் எடுத்துராதீங்க."